நோகாத கட்டி

ஜெயகௌரிக்கு ஒரு இடத்தில் இருக்க ஏலாது. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும், நடந்தால் நெஞ்சு இழுத்துப் பிடிக்கும். கொழும்பிலிருந்து வந்து ஆறு நாள். இந்த ஆறு நாளில் அறைக்கும் அடுப்படிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. ஒரு செம்புத் தண்ணிக்கு மேலே பாரம் தூக்கக்கூடாது. குனியக்கூடாது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து மல்லாந்து மட்டும் படுக்கலாம். இருபது வருசமாக நீர்வேலியில் பாதிப் பொம்பிளையளுக்குச் சாறிச்சட்டை தைத்துக் கொடுக்கிறவளைக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு என்றால் அவள் என்னதான் செய்வாள், பாவம்.

பாவம் என்று சொல்லி விட்டேன். ஆனால் இதைக் கேட்டு வாங்கினது அவளேதான். ஒரு வருத்தமும் இல்லாமல், நல்ல சுகத்தோடு போய், காசு கட்டி வெட்டுவித்துக்கொண்டு வந்தவள்.

இரண்டு வருசத்துக்கு முன்னம் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் வெருட்டினார். வெருட்டினதில் விடியவும் பின்னேரமும் நடந்து, சோற்றைக் குறைத்து, பத்தொன்பது கிலோ இறக்கினாள். ஊரே மூக்கில் விரல் வைத்தது. கௌரி குமரிபோல வந்திட்டாள் என்று வாசலுக்கு வாசல் கதை. சட்டைக்கு வெளியிலே எல்லாம் வடிவுதான். உள்ளே என்ன கிடக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும். மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்த மார்பு, சதை போனதும் வெறும் தோலாகி வயிறுவரை இறங்கிவிட்டது. மடிப்புக்குள்ளே வேர்த்து வேர்த்துப் புண். குனிந்து துணி வெட்டும்போது ஒரு கையால் அள்ளிப் பிடிக்கவேண்டும். மற்றப் பொம்பிளையளின் குறையையெல்லாம் இரண்டு இடத்தில் பிடித்துத் தைத்து மறைக்கிற கை அவளுடைய கை. துணியால் மறைக்கலாம், கழற்றினால் பழையபடிதான். குளித்துவிட்டு வரும்போது கண்ணாடி இருக்கிற பக்கம் திரும்பாமல் துடைக்கப் பழகியிருந்தாள். அது அவளுக்குப் பெரிய கவலை. சின்ன விசயம் என்று ஆரும் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும்.

புருசன் தயாபரன், வாழைக்குலை ஏற்றித் தம்புள்ளைக்கு லொறி ஓடுகிறவன். விசயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, ஆருக்குக் காட்ட என்பது. நாலு நாள் அவனோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவனாகவே, உன்ரை உடம்பு, உன்ரை விருப்பம் என்று இறங்கி வந்தான்.

கொழும்பு டொக்டர் நல்ல மனிசன், தமிழ் கதைக்கிறவர். ஒன்றையும் மறைக்கவில்லை. இது பெருப்பிக்கிற ஒப்பிரேசன் இல்லை, இருக்கிறதைத் தூக்கி வைக்கிறது மட்டும்தான் என்றார். காம்பைச் சுற்றி ஒரு வெட்டு, அதிலிருந்து கீழே நேராக ஒன்று, அடி மடிப்பில் ஒன்று, மூன்று தழும்பும் ஒரு வருசத்துக்குச் சிவந்து கிடக்கும், பிறகு வெளிறும், அடியோடு போகாது. காம்பு விறைத்துப்போகும், உணர்வு திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் விடும். முதல் மாதங்களில் கல்லுப்போல, உயரத்தில், ஒன்றுக்கொன்று கோணலாய் இருக்கும், பிறகு தன்ரை பாட்டில் இறங்கி அமரும். வயது போகப் போகத் திரும்பவும் தொங்கும், அதை ஆராலும் நிற்பாட்ட ஏலாது. கடைசியாக, நாற்பது தாண்டினபடியால் வெட்ட முதல் மமோகிராம் என்கிற மார்புப் படம் எடுக்காமல் கை வைக்கமாட்டேன் என்று கண்டிப்பாய்ச் சொன்னார். எடுத்தாள். ஒரு புள்ளி இல்லை, இரண்டு பக்கமும் சுத்தம்.

இந்த மமோகிராமில்தான் பாருங்கோ அவளுடைய புத்தி பேதலித்தது. எங்கடை ஊரில் ஒருத்தி ஐந்து நாள் கொழும்பில் நின்றுவிட்டு வந்தால் சனம் சும்மா விடுமா? மால்ட் பேணியும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வரும். வந்தால் என்ன வருத்தம் என்று கேட்கும். வருத்தத்தின் பேரைச் சொல்லாமல் அந்தப் பேணியை வாங்க முடியாது. வடிவுக்குச் செய்தனான் என்று சொன்னால் ஊர் தலைமுறைக்கும் சிரிக்கும். போவதற்கு இரண்டு நாளைக்கு முன்னம், மச்சாள் பாலேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று எதுக்குக் கொழும்புப் பயணம் என்று கேட்க, நெஞ்சிலே ஒரு கட்டி தெரியுதாம், எடுக்க வேணுமாம் என்று, மமோகிராம் எடுத்த நினைப்பில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. யோசித்திருந்தால் குடல் என்றோ பித்தப்பை என்றோ சொல்லியிருப்பாள்.

பாலேஸ்வரி தயாபரனின் அக்கா. ஐம்பத்துமூன்று வயது. புருசன் இராசநாயகத்தோடு வாழைத் தோட்டத்தில் ஆம்பிளை மாதிரி வேலை செய்கிறவள், ஒற்றைத் தோளில் குலை சுமப்பாள். பிள்ளைகள் இரண்டும் பாரிசில். கௌரிக்குக் கட்டி என்றதும் மனிசி துடித்துப் போனாள். அடுத்த செவ்வாயே அம்மாளுக்கு நேர்த்தி வைத்து விரதம் தொடங்கினாள். கௌரிக்கு முழுதாய்ச் சுகமாகும்வரை செவ்வாயில் பச்சைத்தண்ணியும் பல்லில் படாது. கௌரி கொழும்பில் நின்ற ஐந்து நாளும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டாள். வந்த பிறகு தினம் காலமை தேத்தண்ணி கொண்டுவந்து, கை தூக்க முடியாதவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் சீப்பு தலையில் பட்டால் கௌரி சட்டைக் கழுத்தை இழுத்துப் பிடிப்பாள். மனிசி காட்டு என்று கேட்டுவிடுமோ என்ற பயம். ஒப்பிரேசன் பிரா என்று ஒன்று, முன்பக்கம் கொழுக்கி, ஆறு கிழமைக்கு இரவு பகலாய்ப் போடவேணும். அதைத் தோய்த்தால் கொடியில் போட முடியாது. அறைக்குள்ளே, பெட்சீற்றுக்குக் கீழே, விசிறியடியில் காயவைத்தாள். பதினேழு வயது மகள் ஆரபிக்கு மட்டும் விசயம் தெரியும். அவள் சிரித்துச் சிரித்து அதை மடித்து வைப்பாள்.

பத்தாம் நாள். பாலேஸ்வரி தலை இழுத்துக்கொண்டு மெல்லக் கதையைத் தொடங்கினாள். கட்டி எவ்வளவு பெரிசாய் இருந்தது, எப்பிடிக் கண்டுபிடித்தாய், தொட்டால் உருளுமா, அசையாமல் இருக்குமா என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாய்க் கேட்டாள். இல்லாத கட்டிக்கு அளவு சொல்வதா, நிறம் சொல்வதா? கதையை எப்பிடியாவது முடிக்கவேணும் என்ற அந்தரம் அவளுக்கு. அப்போது பாலேஸ்வரி, நோகுமோ என்று கேட்டாள்.

"நோகாது மச்சாள். நோகாத கட்டி ஒண்டும் செய்யாது எண்டுதான் டொக்டரும் சொன்னவர்."

சீப்பு கொஞ்சம் நின்றது. பிறகு முன்னையைவிட இலகுவாய் இறங்கியது. அண்டைக்கு மச்சாள் நல்ல சந்தோசமாய் இருந்தாள், வாழைக்காய்ப் பொரியல் செய்து அனுப்பினாள். கௌரியும் அப்பாடா என்று மூச்சு விட்டாள். கதை முடிந்தது என்று நினைத்தாள்.

நாள்கள் போயின. ஊதாவாய் இருந்த கண்டல் மஞ்சளாகி மறைந்தது. இழை கரைந்தது, காய்ந்த இடம் கடித்தது, கடித்தால் சொறியவும் கூடாது. முதல்முறை கட்டு அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தபோது, ஐயோ நான் என்ன செய்து வைச்சிருக்கிறன் என்று அழுதாள். ஒன்று மேலே, ஒன்று அதைவிட மேலே. நாலாம் கிழமை கொஞ்சம் அமர்ந்து சரியாய் வந்தது. ஒரு பின்னேரம் குளித்துவிட்டு வந்து, கண்ணாடிக்கு நேரே நின்று, ஆறுதலாய் உடம்பைத் துடைத்தாள். அவளுக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தை ஆருக்கும் சொல்ல முடியாது என்பதுதான் ஒரே குறை.

ஐந்தாம் கிழமை தையல் மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாய் இருக்கத் தொடங்கினாள். அடுத்த கிழமை பாலேஸ்வரி இரண்டு சாறிச்சட்டையைக் கொண்டுவந்து, இடது பக்கம் கக்கத்தடியில் மட்டும் கொஞ்சம் இளக்கிவிடச் சொன்னாள். குலை சுமந்து சதை பிடித்துவிட்டது, வெட்டி இழுக்குது என்றாள். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

கௌரி தையலைப் பிரிக்கச் சட்டையைத் திருப்பினாள். கை நின்றுவிட்டது. மச்சாளின் உடம்பு இருபது வருசமாய் அவளுடைய விரலுக்குப் பாடம். இடம் வலம் ஒரே அளவு, ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மனிசி குலை சுமப்பது வலது தோளில். விரதம் விரதம் என்று மெலிந்து போனாள், இடுப்பிலும் கையிலும் கொழும்புக்குப் போக முன்னம் தைத்த சட்டை தொளதொளவென்று நிற்கிறது. மெலிந்துகொண்டு போகிற உடம்பில் ஒரு இடம் மட்டும் எப்படி இறுகும்? நோகுமோ என்று கேட்டது ஞாபகம் வந்தது. உருளுமா, அசையாமல் இருக்குமா என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. ஒன்றும் தெரியாத மனிசி கேட்கிற கேள்வியா அது?

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மெஷினில் இருந்தாள், நூல் கோக்கத் தொடங்கிவிட்டு அப்படியே வைத்தாள். அடுத்த நாள் கொழும்பு டொக்டர் ஆறு கிழமைக் கணக்குக்கு வீடியோவில் பார்க்கிற நாள். அவர் தழும்பைப் பார்த்தார், நல்லாய் ஆறியிருக்கு, இனிக் கையைத் தூக்கலாம், மெல்ல மெல்லப் பாரம் எடுக்கலாம் என்றார். அவளுக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. நோகாத கட்டி என்றால் பயமில்லைத்தானே என்று கேட்டாள். மனிசனின் முகம் மாறிவிட்டது. ஆருக்கு என்று கேட்டார். மச்சாளுக்கு என்றாள். நோவை வைத்து நல்லது கூடாதது சொல்ல ஏலாது, நோகாமல்தான் கனபேருக்குத் தொடங்குகிறது, கல்லுமாதிரி இறுகி அசையாமல் இருந்தால் நாளைக்கே காட்டச் சொல்லுங்கோ என்றார்.

உண்மையைச் சொல்லாமல் மச்சாளை ஆசுப்பத்திரிக்கு அனுப்ப ஒரு வழி இருக்காதா? இதுதான் கௌரி முதலில் யோசித்தது. நான் மறைக்கவில்லை, அதுதான் யோசித்தாள். பின்னேரம் வேலியடிக்குப் போய், வயது போகுது மச்சாள், எதுக்கும் ஒருக்கால் நெஞ்சைச் சோதிச்சுப் பாருங்கோவன் என்று சாடையாய்ச் சொன்னாள். பாலேஸ்வரி சிரித்தாள். எனக்கென்ன நோ கிடக்கே என்றாள். தயாபரனிடம் சொல்லி அழுதாள். டொக்டர் முதல் சொன்னது பிழையாம், இப்ப மாறிச் சொல்லுறாராம் என்று சொல்லிப் பார் என்றான் அவன். அதையும் சொல்லிப் பார்த்தாள். பாலேஸ்வரி கௌரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொழும்பு டொக்டர் ஒருக்கால் சொன்னதை மாற்றுவாரோ, உனக்கு அப்பிடியே சுகமாய்த்தானே வந்திருக்கு, நோகாத கட்டிதானே உன்னதும் என்றாள்.

சுகமாய் நிற்கிற கௌரிதான் மனிசிக்குச் சாட்சி. அந்தச் சாட்சி பொய் என்று சொன்னால் ஒழிய மனிசி அசையாது. கௌரிக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் ஒரு பகல் முழுக்க வீட்டுக்குள்ளே சுற்றினாள். சொன்னால் இராசநாயகத்துக்குத் தெரியும். பிறகு ஊருக்குத் தெரியும். சட்டை தைக்க வருகிறவள் ஒவ்வொருத்தியும் அளவெடுக்கும்போது அவளுடைய நெஞ்சைப் பார்ப்பாள். அதைவிட, நேர்த்தி வைத்துப் பட்டினி கிடந்த மனிசியின் முகத்தை எப்பிடிப் பார்ப்பது?

மறுநாள் செவ்வாய். மத்தியானம் போனாள். இராசநாயகம் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். பாலேஸ்வரி அடுப்படியில் அவருக்குக் கறி இறக்கிக்கொண்டு நின்றாள், வாய் உலர்ந்து போயிருந்தது. கௌரி கதவைச் சாத்தினாள். மனிசி ஏன் என்று கேட்க முதலே சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். இரண்டாவது பொத்தான் வரவில்லை, இழுத்ததில் அறுந்து விழுந்தது. பிராவின் கொழுக்கியையும் கழற்றினாள்.

"இதுக்குள்ளை கட்டி இருக்கேல்லை மச்சாள். தொங்கினதைத் தூக்கித் தைச்சது. வடிவுக்கு."

பாலேஸ்வரி இரண்டு பக்கத்துத் தழும்பையும் பார்த்தாள். அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏழு செவ்வாய் பட்டினி கிடந்தனான்."

"ஓம்."

"நோகாட்டி ஒண்டும் செய்யாதெண்டு டொக்டர் சொன்னது?"

"அவர் சொல்லேல்லை. நான் சொன்னது."

அடிப்பாள் என்று கௌரி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பாலேஸ்வரி அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே குந்தினாள். பிறகு கௌரியின் கையைப் பிடித்து இழுத்துத் தன்னுடைய இடது கக்கத்தடியில் வைத்தாள். சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது. கொட்டைப்பாக்கு அளவில், கல்லாய், அசையாமல் இருந்தது. கொஞ்சம் கீழே, மார்பில், அதைவிடப் பெரிதாய் இன்னொன்று இருந்தது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் குளிக்கும்போது கைபட்டதாம். பொங்கல் முடியக் காட்டலாம் என்று இருந்தாளாம். பொங்கல் முடியத் தோட்டத்தில் குலை வெட்டு, அது முடிகிற நேரம் கௌரிக்குக் கட்டி என்ற கதை வந்தது. இவளுடையது என்னவென்று பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை. கௌரிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. குழறி அழுதாள். அழுதது போதும், சட்டையைப் போடு, அவர் வரப்போறார் என்றாள் மச்சாள்.

அடுத்த நாள் விடிய ஓட்டோ பிடித்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போனார்கள். இராசநாயகத்திடம், கௌரியின் கட்டியை மறுபடி காட்டப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள் பாலேஸ்வரி. வரிசையில் இருந்த இரண்டு மணித்தியாலத்தில் கௌரி பத்துத் தரம் எழும்பினாள், பத்துத் தரமும் மச்சாள் சீலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினாள். உள்ளே பெண் டொக்டர். கையால் சோதித்தார், ஸ்கான் எடுப்பித்தார், ஊசி போட்டுச் சதை கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டார். கௌரி வாயைத் திறந்தாள். தோட்டத்திலை வேலை, நேரம் கிடைக்கேல்லை என்று பாலேஸ்வரி முந்திக்கொண்டு சொன்னாள். முடிவு வர ஒரு கிழமை ஆகும், ஆனால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், மார்பு முழுதாய் எடுக்கவும் வரலாம், அதுக்கு மனதைத் தயார்ப்படுத்துங்கோ என்றார் டொக்டர். ஒரு மாதம் முன்னம் வந்திருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் மருந்துத் துண்டு எழுதினார்.

வெளியே வந்து மர வாங்கில் இருந்தார்கள். ஓட்டோக்காரன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். கௌரி காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்த முடியவில்லை. பாலேஸ்வரி துண்டை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இனிப் பொய் சொல்லாமல் சொல்லு. வெட்டினாப் பிறகு என்ன செய்யும்?"

கௌரி சொன்னாள். மயக்கம் தெளியும்போது வாய் காயும், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்றாள். பக்கத்தில் ஒரு குழாய் விட்டிருப்பினம், இரத்தத் தண்ணி வடியும், அதைப் பார்த்துப் பயப்பிடாதையுங்கோ என்றாள். முதல் மூன்று நாள் நெஞ்சில் ஆரோ ஏறி இருக்கிறமாதிரி இருக்கும், இருமினாலும் சிரித்தாலும் இழுக்கும். கையைத் தூக்க ஏலாது, மல்லாந்துதான் படுக்கவேணும், நித்திரை வராது, நாள் போகாது, ஒரு இடத்தில் இருக்கவும் மனம் வராது. தோல் விறைத்துப் போகும். பிறகு கடிக்கும், கடித்தால் ஆறுது என்று அர்த்தம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாலேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டாள்.

"பிறகு கண்ணாடியிலை பாக்கேக்கை?"

கௌரியின் கால் நின்றது.

"அது எனக்குத் தெரியாது மச்சாள்" என்றாள். "எனக்கு ரண்டும் இருக்கு."